பாரவண்டியின் அச்சைப் பார்த்தறிதல்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி வகுப்பு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏரியைத் தூர் வார வேண்டுமென்றால் இக்காலத்தில் மண்வெட்டியும் கூடையும் மாத்திரம் வருவதில்லை. பொக்லைன் என்று நாம் வழங்கும் பெரிய யந்திரம் வருகிறது. அது தானாக நெடுந்தூரம் நடந்து வருவதில்லை. லோ பெட் என்று லாரிக்காரர்கள் சொல்லும் தாழ்ந்த தளமுடைய டிரெய்லரில் ஏறி வருகிறது. காவிரிப் பாசனப் பகுதியில் அறுவடைக் காலம் வந்தால், சங்கிலிச் சக்கரம் பூட்டிய அறுவடை யந்திரங்கள் லாரிகளின் மேல் ஏறி ஊருக்குள் வருகின்றன. கிணறு வற்றினால் போர்வெல் லாரி வருகிறது. இவையெல்லாம் நம் வேலைக்காக, நாம் அழைத்து வருபவை. வரும் வழியோ நம் ஊராட்சிச் சாலை. அவ்வழியிலுள்ள சிறு பாலங்கள் இடிந்தால் பள்ளிப் பிள்ளைகளும் பால்வண்டியும் சுற்றிப் போக வேண்டியதும் நாம்தான் அனுபவிக்க வேண்டியது.

டிரெய்லர் ஊர் எல்லையில் வந்து நின்றதும் நாம் கேட்கும் கேள்வி, “மொத்தம் எத்தனை டன்?” என்பதே. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது பாதிக் கேள்வி. அந்தப் பாரம் எத்தனை அச்சுகளின் மேல் நிற்கிறது, அந்த அச்சுகள் அதைத் தமக்குள் எவ்விதம் பங்கிட்டுக்கொள்கின்றன என்பது மற்றப் பாதி. அதற்கு விடை எடைமேடைச் சீட்டில் இராது. சாலையோரத்தில் நின்று சற்றே குனிந்து பார்த்தால் தெரியும்.

கட்டைவண்டியையும் வில்வண்டியையும் நம்மில் வயதானவர்கள் நன்கு அறிவார்கள். கட்டைவண்டியில் இருசின்மேல் வண்டிச் சட்டம் நேராக அமர்ந்திருக்கும். பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு வரை அதிரும். வில்வண்டியில் இருசுக்கும் சட்டத்துக்கும் நடுவே பட்டைவில் இருக்கும். அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: இருசு ஒன்றே. ஆகையால் வண்டிப் பாரம் எங்கே இறங்குகிறது என்ற ஐயத்துக்கே இடமில்லை.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அச்சு அல்லது மூன்று அச்சு வைத்தவுடன் சிக்கல் பிறக்கிறது. நான்கு கால் மணை சமமில்லாத தரையில் ஆடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். மூன்று கால்தான் தரையைத் தொடும். நான்காவது சும்மா தொங்கும். அதுபோல, மேடு ஒன்றில் ஏறும்போது ஓர் அச்சு பாரம் முழுவதையும் வாங்க, அடுத்தது வெறுமனே உருண்டு வரலாம். இதைத் தடுத்து, எந்த மேடு பள்ளத்திலும் பாரத்தைச் சமமாகப் பங்கிடுவதுதான் பல அச்சு வண்டியில் சஸ்பென்ஷன் என்ற தாங்கமைப்பின் முதல் வேலை. அதிர்ச்சியைத் தணிப்பது அதற்கு அடுத்த வேலையே.

பங்கீடு பிசகினால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்னும் ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. சோதனைக்கென்றே சாலைகளைப் போட்டு, அளவிட்ட பாரத்துடன் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அதிலிருந்து பிறந்த விதியைத்தான் உலகெங்கும் சாலைப் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அச்சின்மேல் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறக்குறைய பதினாறு மடங்கு ஆகிறது. பாரத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினாலே சேதம் சுமார் ஒன்றரை மடங்கு. அதாவது பாரத்தின் நான்காம் பெருக்கத்தைப் போலச் சேதம் வளர்கிறது.

இக்கணக்கை நம் டிரெய்லருக்குப் பொருத்திப் பாருங்கள். இரண்டு அச்சின்மேல் 20 டன் இருக்கிறது. ஆளுக்குப் பத்து டன்னாகச் சுமந்தால் ஒரு சேதம். தாங்கமைப்பு கெட்டு, ஒன்று 13 டன்னும் மற்றது 7 டன்னும் சுமந்தால், மொத்த எடை ஓர் இம்மியும் மாறாமலே சேதம் ஒன்றரை மடங்குக்கு மேல் போகிறது. எடைமேடை இதைக் காட்டாது. அங்கே இரண்டுக்கும் ஒரே 20 டன் சீட்டுதான் தருவார்கள்.

சரி, எதை எப்படிப் பார்ப்பது?

முதலில் அச்சுகளை எண்ணுங்கள். பக்கவாட்டில் நின்று எண்ண வேண்டும். இழுவை லாரியின் அச்சுகள் வேறு, டிரெய்லரின் அச்சுகள் வேறு. இரண்டையும் தனித்தனியே எண்ணுங்கள். சில வண்டிகளில் ஓர் அச்சைத் தேவையில்லாதபோது தூக்கி வைக்கும் ஏற்பாடு உண்டு. டயர் தரையைத் தொடாமல் நிற்கும் அச்சைக் கணக்கில் சேர்க்கலாகாது. பாரத்தோடு வரும் வண்டி அதை இறக்கியிருக்கவேண்டும். டயர் தேய்மானத்தையும் டீசலையும் மிச்சப்படுத்த எண்ணித் தூக்கியபடியே ஓட்டுவோர் உண்டு. அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பது நம் சாலை.

பிறகு பின்னால் போய், ஓர் அச்சில் எத்தனை டயர் என்று பாருங்கள். வழக்கமாகப் பக்கத்துக்கு இரண்டாக நான்கு இருக்கும். பெரிய லோ பெட் சிலவற்றில் ஒரே வரிசையில் எட்டு டயர் தெரியும். அது ஒரு நீண்ட அச்சு அன்று, அருகருகே வைத்த இரு குட்டை அச்சுகள்.

இந்த எண்ணிக்கைக்குச் சட்டத்தில் அளவு உண்டு. மத்திய அரசு 2018ஆம் ஆண்டு ஜூலையில் வெளியிட்ட அறிவிப்பின்படி, நான்கு டயருள்ள தனி அச்சுக்கு 11.5 டன்; அருகருகே அமைந்த இரட்டை அச்சுக்கு 21 டன்; மூவச்சுக்கு 27 டன். இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தனி அச்சுக்கு 11.5 என்றால் மூன்றுக்கு 34.5 அல்லவா வரவேண்டும்? அவ்வளவு தரவில்லை. நெருங்கி நிற்கும் அச்சுகளின் அழுத்தம் மண்ணுக்குள் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது.

சட்டம் அனுமதிக்கும் பாரம் எல்லாம் சாலைக்கு நல்லது என்று எண்ணிவிடவும் கூடாது. சாலை அமைப்போர் அளவுகோலாகக் கொள்ளும் நிலை அச்சு 8.16 டன். சட்டப்படியான 11.5 டன் தனி அச்சு, அப்படிப்பட்ட நிலை அச்சு நான்கு சென்றாற்போன்ற தேய்மானத்தை ஏற்படுத்துகிறது. டிரெய்லரின் பின்னச்சுகளில் 24 டன் இறங்குகிறது என்று கொள்வோம். இரட்டை அச்சானால் அது சட்டத்தை மீறியது. ஆறு நிலை அச்சுக்கு மேல் சென்றதற்குச் சமம். அதே 24 டன் மூன்றச்சில் சமமாக வந்தால் ஒன்றேகால் நிலை அச்சு அளவே. மிகக் குறைந்த போக்குவரத்துக்கான கிராமச் சாலையைப் பத்தாண்டுக்கு 10,000 முதல் 30,000 நிலை அச்சு வரையில் தாங்கும்படிதான் இந்தியச் சாலைப் பேராயத்தின் கையேடு வகுத்திருக்கிறது. ஒரு பொக்லைன் வந்து போவதால் அச்சாலை அழிந்துபோகாது என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். அது வெட்டிய மண்ணை அள்ளிக்கொண்டு நாள் முழுதும் ஓடும் டிப்பர் லாரிகளே சாலைக்கு அதிகக் கெடுதல் செய்பவை. அவற்றையும் இதே கண்ணால் பார்க்கலாம்.

அடுத்து, டயர்களுக்கிடையே குனிந்து தாங்கமைப்பைப் பாருங்கள். நம் சாலைகளில் அதிகம் காண்பது பட்டைவில். லாரிக்காரர்கள் பிளேட் என்பார்கள். ஒவ்வோர் அச்சுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக அடுக்குப் பட்டை இருக்கும். யூ போல்ட்டுகள் அதை அச்சோடு இறுக்கியிருக்கும். அடுக்கு அச்சின் மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். தளத்தைத் தாழ்த்த வேண்டியவர்கள் கீழே வைப்பார்கள். நீங்கள் தேட வேண்டியது பட்டையை அன்று. முன்னச்சுப் பட்டையின் வாலும் பின்னச்சுப் பட்டையின் தலையும் சந்திக்கும் இடத்தில், சட்டத்திலிருந்து தொங்கும் தாங்கியில் ஒரு குட்டைக் கோல் நடுவில் ஊசி குத்தியதுபோல் பொருத்தப்பட்டிருக்கும். அதுதான் சமன்கோல். கிணற்று ஏற்றம் போல ஒரு பக்கம் ஏற மறு பக்கம் இறங்கும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் சமன்கோல் சாய்ந்து பின்சக்கரத்தைத் தரையோடு அழுத்தும். மூன்று அச்சானால் இரண்டு சமன்கோல் இருக்கும்.

இரண்டாவது வகையில் பக்கத்துக்கு ஒரே ஒரு பெரிய பட்டையடுக்குதான் தெரியும். அதன் நடு, சட்டத்தின் கீழுள்ள தடித்த குறுக்குத் தண்டின்மேல் சுழலும்படி அமர்ந்திருக்கும். இரு முனைகளும் இரண்டு அச்சின்மேல் படிந்திருக்கும். காவடி தூக்குபவரை நினைத்துக்கொள்ளுங்கள். தோள்தான் குறுக்குத் தண்டு, காவடித்தண்டுதான் பட்டை. இதில் பங்கீட்டுக்குத் தனியாகச் சமன்கோல் தேவையில்லை, பட்டையே சமன்கோல். இதே அமைப்பில் பட்டைக்குப் பதில் வளையாத இரும்பு உத்தரம் வைத்தால் அது மூன்றாவது வகை. பாரத்தை அது நன்றாகவே பங்கிடும். ஆனால் அதிர்ச்சியைத் தணிக்க டயரைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே மெதுவாக ஓட்டவேண்டிய வண்டி அது. அப்படிப்பட்ட டிரெய்லர் சிறு பாலத்தின்மேல் வேகமாக ஏறினால், பாலத்துக்கு விழுவது பாரம் அன்று, அடி.

நான்காவது வகை காற்றுப்பை. அச்சுக்குச் சற்றுப் பின்னால், சட்டத்துக்கும் நீண்ட இரும்புக் கைக்கும் நடுவே கறுப்பு ரப்பர் உருளை ஒன்று உப்பி நிற்கும். ஒரு பக்கத்துப் பைகளையெல்லாம் குழாய் இணைக்கும். காற்றழுத்தம் ஒன்றாக இருப்பதால் பாரமும் ஒன்றாகவே பங்கிடப்படுகிறது. சாலைக்கு இது அனுகூலமானது. ஐரோப்பிய நாடுகளில் 1992இல் வந்த விதி, காற்றுப்பையோ அதற்கு நிகரான அமைப்போ உள்ள ஓட்டச்சுக்குச் சற்று மிகுதியான எடையை அனுமதித்ததும் அதனால்தான்.

நீரழுத்தத் தாங்கமைப்பு உள்ள டிரெய்லர் கிராமத்துக்கு அபூர்வமாகவே வரும். துணைமின் நிலையத்துக்கு மின்மாற்றி கொண்டு செல்வதும், முப்பந்தல் போன்ற இடங்களுக்குக் காற்றாலையின் பெரும் பாகங்களைக் கொண்டு செல்வதும் அதன் வேலை. வரிசைக்கு எட்டு டயரும், ஒவ்வோர் அச்சுக்கும் எண்ணெய் உருளையும், சக்கரங்களெல்லாம் திரும்பும் அமைப்பும் அதன் அடையாளங்கள். அச்சுவரிசை ஒன்றுக்கு 18 டன் என்று 2018 அறிவிப்பு தனியே சொல்கிறது. அது வருவதானால் முன்கூட்டியே வழியைப் பார்த்து அனுமதி பெற்றுத்தான் வரும்.

அமெரிக்கப் பண்ணைகளில் சிறு யந்திரங்களை ஏற்றும் டிரெய்லர்களில் வேறோர் அமைப்பு வழக்கத்தில் உண்டு. சதுரக் குழாய்க்குள் ரப்பர் வடங்களைத் திணித்து, அவை முறுகுவதையே வில்லாகக் கொண்ட அச்சு அது. பார்க்கச் சுத்தமாக இருக்கும்; பட்டையும் இல்லை, ஆணியும் இல்லை. ஆனால் இரண்டு அச்சு வைத்தால் அவற்றிடையே பாரத்தைப் பங்கிட ஒன்றும் இல்லை. டிரெய்லர் முன்னோ பின்னோ சாய்ந்து பூட்டப்பட்டால் ஓர் அச்சு திணறும். வேலைப்பாடு நயமாக இருப்பதும் பாரப் பங்கீடு நன்றாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்காகச் சொன்னேன்.

வகை தெரிந்தபின் நலம் பார்க்கவேண்டும். இதில்தான் அனுபவமுள்ள கண்ணுக்கு மதிப்பு. பாரத்தோடு நிற்கும் வண்டியில் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளை ஒப்பிடுங்கள். ஒன்று தட்டையாகவோ எதிர்ப்புறம் வளைந்தோ இருக்க, அடுத்தது இன்னும் வில்லாக வளைந்திருந்தால் பங்கீடு கெட்டிருக்கிறது. சமன்கோலின் ஊசி துருப்பிடித்து இறுகியிருக்கலாம். ஓர் அச்சின் டயர்கள் அடியில் அதிகம் பிதுங்கி, மற்றதன் டயர்கள் பிதுங்காமல் இருப்பதும் அதே செய்திதான். யூ போல்ட்டைச் சுற்றிச் செந்துருத் தூள் வடிந்திருந்தால், இறுக்கம் தளர்ந்து உள்ளே அசைவு இருக்கிறது. பட்டையடுக்கின் நடுவிலுள்ள போல்ட் அறுந்தால் அச்சு ஒரு பக்கம் நழுவும். இதை அறிய ஒரு கயிறு போதும்: இடப்புறம் முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடுவரை அளந்து, அதே கயிற்றை வலப்புறம் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்திராவிட்டால் அந்த வண்டி நேராகப் போகாது. சற்றே குறுக்காக இழுபட்டுப் போகும். மண் சாலையில் அதன் தடத்தைப் பார்த்தாலும் தெரியும்.

காற்றுப்பை வண்டியில் கசியும் ஓசையைக் கேளுங்கள். பை சப்பி, சட்டம் கட்டையின்மேல் உட்கார்ந்திருந்தால் அது அப்போது கட்டைவண்டிதான். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் இன்னும் மோசம். மேலே இருப்பது உயரமான யந்திரம். வாய்க்கால் கரையில் சாய்ந்தால் நிமிர்த்த ஆளில்லை.

பாலத்தின் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். சாலைக்கு உள்ள நியாயம் சிறு பாலத்துக்கு அப்படியே பொருந்தாது. மூவச்சு டிரெய்லரில் அச்சுக்கு அச்சு சுமார் 1.3 மீட்டர் இடைவெளி. முதலச்சிலிருந்து மூன்றாம் அச்சு வரை 2.6 மீட்டர்தான். ஒரு மீட்டருக்குக் குறைந்த குழாய்ப் பாலத்தில் ஒரு நேரத்தில் ஓர் அச்சே நிற்கும். அங்கே அச்சுகள் அதிகமாக இருப்பதும் பாரம் சமமாக இருப்பதும் நம்மைக் காக்கும். மூன்று மீட்டர் பலகைப் பாலத்திலோ மூன்று அச்சும் ஒருங்கே ஏறி நிற்கும். பாரம் மொத்தமும் பலகையின்மேல். அங்கே அச்சை எண்ணி ஆறுதல் கொள்ளக் கூடாது, மொத்தத்தைத்தான் பார்க்கவேண்டும்.

குழாய்ப் பாலங்களில் எந்த ரகக் குழாய் போட்டது என்பதும் முக்கியம். காங்கிரீட் குழாய்களுக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் என்.பி.2 என்பது இலேசான போக்குவரத்துக்கு, என்.பி.3 நடுத்தரமானதற்கு, என்.பி.4 கனமானதற்கு. புதைத்தபின் குழாயைப் பார்த்துச் சொல்ல இயலாது. மதிப்பீட்டுத் தாளில் இருக்கும். ஊராட்சி ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டு, ஒவ்வொரு பாலத்துக்கும் ஆண்டு, குழாயின் ரகம் அல்லது பலகையின் நீளம், குழாயின்மேல் மண்ணின் கனம் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வைத்துக்கொள்ளலாம். குழாயின்மேல் போதிய மண் இல்லாமல் தேய்ந்துபோன பாலமே முதலில் உடைவது.

இனி நம் அதிகாரத்தின் எல்லை. வண்டியை மறித்து எடைபோடும் உரிமை ஊராட்சி உறுப்பினருக்கு இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 114ஆவது பிரிவு அதை உரிய அதிகாரிகளுக்கே கொடுத்திருக்கிறது. மிகுபாரத்துக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் விதிக்கும் அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். குறிப்பிட்ட சாலையில் வண்டிகளைக் கட்டுப்படுத்த 115ஆவது பிரிவு இடமளிக்கிறது. பலவீனமான பாலத்துக்கு அவ்வாறு தடை கோரி எழுதலாம். நம் சொந்த உரிமை வேறோர் இடத்தில் இருக்கிறது. யந்திரத்தை வாடகைக்கு அழைப்பவர் நாமே. அழைக்கும்போதே, எத்தனை அச்சு டிரெய்லரில் வரும் என்று கேட்கலாம். பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள அச்சு எடையைக் காட்டச் சொல்லலாம். இரண்டச்சில் வருவதானால் வேண்டாம், மூன்றச்சில் அனுப்புங்கள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். இதற்கு எந்தப் பிரிவும் தேவையில்லை.

பாலம் தாங்காது என்று தோன்றினால் யந்திரத்தைப் பாலத்துக்கு இப்பால் இறக்கி, நீரில்லாத வாய்க்கால் வழியே நடத்திக்கொண்டு போவது நல்லது. 20 டன் பொக்லைன் தன் சங்கிலிகளின்மேல் நிற்கும்போது தரையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு விழுவது சுமார் அரைக் கிலோதான். அதையே டிரெய்லரில் ஏற்றினால் டயர் வழியாக ஏழு கிலோவும் அதற்கு மேலும் விழுகிறது. தார்ச்சாலையைக் குறுக்கே கடக்க நேர்ந்தால் சங்கிலியின் பற்கள் மேற்பரப்பைக் கிழிக்கும். பழைய டயர்களை வரிசையாகப் பரப்பி அவற்றின்மேல் நடத்தவேண்டும்.

இறக்கும் இடத்தைத் தேர்வது டிரைவருக்கு விடத்தக்கதன்று. ஊரின் மண்ணை அறிந்தவர் நீங்கள். யந்திரம் சாய்தளத்தில் இறங்கும் கணத்தில் பாரமெல்லாம் கடைசி அச்சின்மேல் குவிகிறது. டிரெய்லரின் முன்புறம் எழும்பப் பார்க்கும். தளர்ந்த பட்டை அப்போதுதான் முறியும். ஆகவே மண்கரையிலும் சாலையின் ஓர விளிம்பிலும் இறக்கலாகாது. சமமான கெட்டித் தரையில், டிரெய்லரின் வாலுக்கு அடியில் கட்டை கொடுத்து, மேலே மின்கம்பி செல்கிறதா என்று பார்த்து இறக்கவேண்டும். வேடிக்கை பார்க்கச் சிறுவர்கள் கூடுவார்கள். அவர்களை டிரெய்லரின் பின்புறத்திலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் யந்திரத்தின் நீளத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டே டிரைவருக்குக் கை காட்டுங்கள்.